பந்தயக் காரும் பத்திரமும்

திருகோணமலையில் வாழ்பவர்க்குக் கப்பல் ஒரு புதுமையன்று. சீனன்குடாவிலுள்ள மா ஆலைக்குக் கோதுமை ஏற்றிவரும் கப்பல்களைப் பார்த்தே நம் பிள்ளைகள் வளர்கின்றனர். அக்கப்பலுக்கு ஒரு காப்புறுதி உண்டு; அதன் வயிற்றிலுள்ள கோதுமைக்கு வேறொரு காப்புறுதி உண்டு. சுமப்பது வேறு, சுமக்கப்படுவது வேறு என்பது கடல் வாணிகத்தின் பழைய பாடம். வர்த்தக வகுப்பிலே இப்பாடத்தை நாம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். ஆயினும், அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சில்லு பூட்டிக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.

வந்தவர் நம் பழைய மாணவர். உட்துறைமுகத்துக்கு அண்மையில் ஒரு மோட்டார் கராஜ் வைத்து நடத்துகிறார். அவருடைய வானின் பின்னே ஒரு ட்ரெயிலர் கட்டப்பட்டிருந்தது. நெல் மூடை ஏற்றும் ட்ரெயிலர்களைக் கந்தளாய், தம்பலகாமம் பக்கங்களில் நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆனால் இதன்மேல் இருந்தது நெல்லன்று. இலக்கங்கள் எழுதப்பட்ட, ஆசனங்கள் கழற்றப்பட்ட, உள்ளே இரும்புக் குழாய்களாற் கூடு கட்டப்பட்ட ஒரு பழைய கார். பந்தயத்திற்கென்று அவரும் இரு நண்பர்களும் சேர்ந்து வாங்கித் திருத்தியது. அவர் பங்குப் பணத்திற்குத் தாயாரின் நகைகள் அடகுக் கடைக்குப் போயிருந்தன. அந்த அம்மையாரும் வானிலிருந்து இறங்கி வந்தார். மகனின் முகத்தில் மகிழ்ச்சி. தாயின் முகத்தில் அது இல்லை.

“சேர், முழுக் காப்புறுதி எடுத்தாச்சு. இனிப் பயமில்லை. அம்மாவுக்கு நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ” என்றார் மாணவர்.

நாம் பத்திரத்தைக் கேட்டோம். முதற் பக்கத்தில் தொகை இருந்தது. அந்த ஒரு பக்கத்தை அவர் பலமுறை படித்திருந்தார். மற்றப் பக்கங்கள் மடிப்புக் கலையாமல் இருந்தன. திண்ணையில் அமர்ந்து மூவருமாக அவற்றைப் படிக்கத் தொடங்கினோம். அன்று படித்ததையும், அதன்பின் விசாரித்து அறிந்ததையும், நம் இளைஞர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

வாங்கியது எதற்கு, காப்பது எதற்கு?

சாதாரண மோட்டார்க் காப்புறுதிப் பத்திரங்கள் உலகின் பல நாடுகளிலும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. ‘உபயோகத்தின் எல்லை’ என்றொரு பகுதி அவற்றில் இருக்கும். பந்தயம் ஓடுதல், பந்தயத்தில் மற்றவர்க்கு வேகம் வகுத்துக் கொடுத்தல், வேகப் பரீட்சை, வண்டியின் உறுதியைச் சோதிக்கும் ஓட்டம் ஆகியவற்றுக்கு இப்பத்திரம் செல்லாது என்று அங்கே எழுதியிருக்கும். நம் மாணவரின் பத்திரத்திலும் அவ்வாறே எழுதியிருந்தது. சொந்தத் தேவைக்கு ஓடும் கார் என்று சொல்லி எடுத்த பத்திரம் அது.

அதை நாம் வாசித்துச் சொன்னபோது தாயார் கேட்டார்: “அப்ப, ஓடுறதுக்கெண்டு வாங்கின காருக்கு, ஓடினாக் காசில்லையோ மாஸ்டர்?”

அதுதான் உண்மை. இதில் வஞ்சகம் ஏதுமில்லை. காப்புறுதி என்பது பலரிடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, அவர்களுள் அல்லற்பட்ட சிலரின் நஷ்டத்தை ஈடுசெய்யும் ஏற்பாடு. சந்தைக்கும் கோயிலுக்கும் கந்தோருக்கும் போய்வரும் கார்களின் அபாயத்தைக் கணக்கிட்டே கட்டுப்பணம் குறிக்கப்படுகிறது. பந்தய மைதானத்தில் உயிரைப் பணயம் வைத்தாற்போல் ஓடும் காரின் அபாயம் அந்தக் கணக்கில் அடங்காது. அடக்கினால், மெதுவாக ஓட்டும் ஓய்வூதியக்காரர் வேகமாக ஓட்டும் இளைஞனுக்காகப் பணம் கட்ட நேரும். அது நீதியாகுமா?

ஒரு கார், மூன்று இடம்

பந்தயக் காருக்கு மூன்று இருப்பிடங்கள் உண்டு. ஒன்று, அது உறங்கும் கொட்டகை. மற்றொன்று, ட்ரெயிலரில் ஏறிச் செல்லும் வீதி. மூன்றாவது, அது ஓடும் களம். இம்மூன்றிலும் அபாயம் வெவ்வேறு. ஆதலாற் காப்புறுதியும் வெவ்வேறு.

கொட்டகையில் தீயும் களவும் அஞ்சத்தக்கவை. வெல்டிங் வேலை நடக்கும் கராஜில் நெருப்புப் பொறிக்குப் பஞ்சமில்லை. காரின் பெறுமதி அதன் உடலில் மட்டும் இல்லை. தனியே கழற்றி வைத்த இயந்திரம், பந்தயச் சில்லுகள், கருவிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. இவற்றைப் பட்டியலிட்டுக் கொடுக்காவிடில், காருக்குக் கிடைக்கும் நஷ்டஈடு கருவிக்குக் கிடைக்காது.

அடுத்து வீதி. நம் மாவட்டத்தில் மோட்டார்ப் பந்தயம் பெருவழக்கன்று. நுவரெலியாவில் 1934 ஆம் ஆண்டிலே தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்கோ, தியத்தலாவையின் பந்தயத்துக்கோ போக விரும்புபவர் இங்கிருந்து மலைநாடுவரை காரைக் கொண்டுசெல்ல வேண்டும். கந்தளாய் கடந்து ஹபரணை நோக்கிச் செல்லும் பாதையில் இருட்டியபின் யானைகள் குறுக்கிடுவதை நாம் அறிவோம். களத்தில் சில நிமிடமே ஓடும் கார், வீதியிற் பல மணிநேரம் பிறர் முதுகிற் பயணம் செய்கிறது. அப்பயணத்தில் அது காரன்று, சரக்கு. இவ்வுண்மையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சாதாரண வாகனப் பத்திரத்தின் மூன்றாந்தரப்புப் பகுதி, அவ்வாகனம் ஏற்றிச் செல்லும் பொருளையோ, காப்புறுதி எடுத்தவரின் பொறுப்பிலுள்ள பொருளையோ காப்பதில்லை. ஆகவே ட்ரெயிலர் குடைசாய்ந்து கார் நசுங்கினால், வானின் பத்திரம் அக்காருக்கு உதவாது. ட்ரெயிலருக்கும் தனியே சொல்லி, தனியே பணம் கட்டி, பத்திரத்திற் பெயர் ஏறியிருந்தாலன்றி ஈடில்லை. இழுக்கும் வண்டியோடு கட்டப்பட்டிருக்கும்போது ஒரு நிலை; கழற்றி வீதியோரத்தில் விட்டிருக்கும்போது வேறொரு நிலை. சில பத்திரங்கள் முதலாவதை ஏற்று இரண்டாவதை விலக்கும். இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

இதற்குத் துறைமுகம் ஒரு வழி காட்டுகிறது. கடல்வழிச் சரக்குக் காப்புறுதியில் ‘பண்டகசாலையிலிருந்து பண்டகசாலை வரை’ என்றொரு விதி உண்டு. சரக்கு அனுப்புவோரின் பண்டகசாலையை விட்டுப் புறப்பட்டதுமுதல், பெறுவோரின் பண்டகசாலையைச் சேரும்வரை அது காக்கும். பந்தயக் காருக்கும் இத்தகைய போக்குவரத்துக் காப்புறுதியைக் கேட்டுப் பெறலாம்: கராஜிலிருந்து களத்தின் வாயில் வரை, மீண்டும் களத்தின் வாயிலிலிருந்து கராஜ் வரை. பிரித்தானியா போன்ற நாடுகளில், பந்தயக் கார்களுக்கென்றே கொட்டகைக்கும் வழிப்பயணத்துக்கும் ஒரு காப்புறுதியும், களத்தில் ஏற்படும் சேதத்துக்கு வேறொரு காப்புறுதியும் விற்கப்படுகின்றன. பின்னையதன் விலை மிக அதிகம். நஷ்டத்தின் முதற்பகுதியாகப் பெருந்தொகை ஒன்றைச் சொந்தக்காரரே ஏற்கவேண்டும் என்ற நிபந்தனையும் அதனோடு வரும்.

மிதக்கும் தளத்தின் பாடம்

சுமக்கும் பொருளைக் கவனியாது சுமக்கப்படும் பொருளையே பார்ப்பவர்க்கு நம் துறைமுகத்தின் வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இங்கே ஒரு மாபெரும் மிதக்கும் தளம் இருந்தது. அதன் தொட்டிகளில் நீரை நிரப்பினால் தளம் அமிழும். கப்பல் அதன்மேல் வந்து நிற்கும். நீரை இறைத்தால் தளம் கப்பலையும் தூக்கிக்கொண்டு எழும். கடலிலே நிற்கும் ஒரு ட்ரெயிலர் என்றே சொல்லலாம்.

1944 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 8 ஆந் திகதி, ‘வாலியன்ட்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் அதன்மேல் ஏற்றப்பட்டது. முப்பதினாயிரம் தொன்னுக்கும் மேற்பட்ட கப்பல் அது. தொட்டிகளின் நீரை ஒழுங்காகச் சமன்செய்து இறைக்காமையால் பாரம் ஓரிடத்திற் கூடி, தளம் முறிந்து கடலில் மூழ்கியது. கப்பல் தப்பியதாயினும் அடிப்பாகத்திற் பலத்த சேதமுற்றது. பகைவரின் குண்டுகளுக்கு ஈடுகொடுக்கக் கட்டிய கப்பலை, அதைச் சுமந்த தளமே ஊறுபடுத்திவிட்டது.

அரசுகள் தம் போர்க்கப்பல்களைப் பொதுவாகக் காப்புறுதி செய்வதில்லை. நஷ்டத்தை நாட்டின் கருவூலமே தாங்கும். பேரரசுக்குக் கருவூலம் உண்டு; அடகுக் கடையில் நகை வைத்த குடும்பத்துக்கு என்ன உண்டு? தாங்கும் வலி இல்லாதவர்க்கே காப்புறுதி தேவை.

நம் மாணவரின் ட்ரெயிலரைச் சுற்றிப் பார்த்தோம். காரின் இயந்திரத்துக்குச் செலவிட்ட கவனத்தில் நூற்றில் ஒரு பங்கும் ட்ரெயிலருக்குச் செல்லவில்லை. கொளுவியில் துரு ஏறியிருந்தது. கொளுவி கழன்றாலும் வண்டி பிரிந்தோடாமற் பிடிக்கும் பாதுகாப்புச் சங்கிலி இல்லை. பின்விளக்கு ஒன்று எரியவில்லை. ‘வண்டியை ஓடத்தக்க நல்ல நிலையில் வைத்திருக்கச் சொந்தக்காரர் நியாயமான கவனம் எடுக்க வேண்டும்’ என்பது ஏறக்குறைய எல்லாப் பத்திரங்களிலும் உள்ள நிபந்தனை. கட்டுப்பணம் ஒழுங்காகக் கட்டியிருந்தும், சங்கிலி ஒன்று கட்டாத குற்றத்தால் நஷ்டஈட்டை இழக்க நேரலாம்.

மறையாது உரைத்தல்

பத்திரத்தைப் படிக்கும்போது இன்னொன்றும் வெளிப்பட்டது. காரின் ஆசனங்களைக் கழற்றியதையும், இயந்திரத்தை மாற்றியதையும் மாணவர் காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்திருக்கவில்லை. “அவை கேக்கேல்லை சேர், நானும் சொல்லேல்லை” என்றார்.

காப்புறுதி ஒப்பந்தம் மற்ற ஒப்பந்தங்கள் போன்றதன்று. மாடு வாங்குபவன் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். காப்புறுதி தருபவன் காரை எங்கே நிறுத்துகிறோம், எதற்கு ஓட்டுகிறோம் என்று நம் பின்னே வந்து பார்க்க முடியாது; நம் சொல்லையே நம்புகிறான். ஆதலால், அபாயத்தை மதிப்பிட உதவும் எதையும் நாமே முன்வந்து சொல்லவேண்டும் என்ற கடமை எழுந்தது. இதனை ‘அதியுயர் நல்லெண்ணம்’ என்று வகுப்பிற் கற்பிக்கிறோம்.

இவ்விதியை நிலைநாட்டிய பழைய வழக்கும் ஒரு கடலோரக் கோட்டையைப் பற்றியதே. நம் பிரெட்ரிக் கோட்டையைப் போலவே, சுமாத்திராத் தீவின் பெங்கூலனில் ஆங்கிலேயருக்கு மார்ல்பரோக் கோட்டை இருந்தது. அதன் ஆளுநர் கார்ட்டர், ஐரோப்பியப் பகைவர் கைப்பற்றினால் நஷ்டஈடு தரும் காப்புறுதி ஒன்றை இலண்டனில் எடுத்தார். 1760 இல் பிரெஞ்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். காப்புறுதி தந்த போம், கோட்டையின் பலவீனத்தை மறைத்தார் என்று வழக்காடினார். 1766 இல் மான்ஸ்பீல்ட் பிரபு தீர்ப்பளித்தார். தான் மட்டும் அறிந்ததை மறைத்து மற்றவரை ஒப்பந்தத்திற்கு இழுத்தல் ஆகாது என்பதை அவர் விதியாக உரைத்தார். ஆயினும், போம் தாமே அறிந்திருந்ததையும் அறிந்திருக்கத்தக்கதையும் சொல்லாதது குற்றமன்று எனக் கண்டு, கார்ட்டர் பக்கமே தீர்த்தார். கடமை ஒருபக்கம் மட்டும் அன்று, இருபக்கமும் உண்டு.

தொகையிலும் உண்மை வேண்டும். 40 இலட்சம் ரூபா பெறுமதியான காரை, கட்டுப்பணத்தை மிச்சம் பிடிக்க 20 இலட்சம் என்று எழுதியதாக வைத்துக்கொள்வோம். விகிதாசார விதியுள்ள பத்திரமாயின், 10 இலட்சம் சேதம் ஏற்படும்போது 5 இலட்சமே கிடைக்கும். பாதிப் பெறுமதிக்குப் பணம் கட்டியவர்க்குப் பாதி ஈடு. மேலும், கையாலே திருத்திய பந்தயக் காருக்குச் சந்தை விலை என்று ஒன்றைக் காண்பது அரிது. ஆகவே, இருதரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பெறுமதியைப் பத்திரத்தில் எழுதிக்கொள்வதே சிறந்தது.

தாயின் கேள்வி

இவ்வளவும் பேசி முடித்தபின், அதுவரை கேட்டுக்கொண்டிருந்த தாயார் மெல்லச் சொன்னார்: “மாஸ்டர், கார் போனாப் போகட்டும். நகையும் போகட்டும். சனத்துக்குமேலை போய் ஏறினா?”

நாம் சிறிது நேரம் பேசவில்லை. 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆந் திகதி தியத்தலாவையில் நடந்ததை யார் மறப்பர்? ஃபொக்ஸ்ஹில் பந்தயத்தின்போது கார் ஒன்று தடம் விலகிப் பார்வையாளர்மீது பாய்ந்தது. எழுவர் இறந்தனர்; அவருள் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. மேலும் பலர் காயமுற்றனர். 1955 ஆம் ஆண்டு ஜூன் 11 ஆந் திகதி பிரான்சின் லெ மான் நகரில் பந்தயக் கார் ஒன்று கூட்டத்திற் சிதறிப் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் சுவிட்சர்லாந்து தன் நாட்டில் வட்டப்பாதைக் கார்ப் பந்தயத்தையே பல்லாண்டுக் காலம் தடைசெய்திருந்தது.

காப்புறுதி ஒப்பந்தத்தில் முதலாந்தரப்பு நாம், இரண்டாந்தரப்பு கம்பனி, ஒப்பந்தத்தைக் காணாதவரும் கையொப்பமிடாதவருமான மற்ற எல்லாரும் மூன்றாந்தரப்பு. வேடிக்கை பார்க்க வந்த சிறுமியும் மூன்றாந்தரப்பே. 1930 இல் பிரித்தானியா மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியுள்ளது. வாகனம் வைத்திருப்பவனிடம் பணமில்லை என்பதற்காக அடிபட்டவன் குடும்பம் அநாதையாகக் கூடாது என்பதே அச்சட்டங்களின் உட்கருத்து. ஆனால் அவை பெருவீதியை மனத்திற் கொண்டு எழுந்தவை. பந்தயக் களத்தில் பார்வையாளர்க்கு நேரும் தீங்குக்கு, பந்தயத்தை நடத்துவோர் தனியே பொதுப்பொறுப்புக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். ஓடவருவோர் தம் பெயரைப் பதியுமுன், ‘அப்பத்திரம் எங்கே, தொகை எவ்வளவு, பார்வையாளர் அடங்குவரா, ஓட்டுநர் அடங்குவரா, மைதானத்து ஊழியர் அடங்குவரா?’ என்று கேட்பது முறை. ஓட்டுநரிடம் ‘எந்த நஷ்டத்துக்கும் வழக்காட மாட்டேன்’ என்று கையொப்பம் வாங்குவதும் பல பந்தயங்களில் உள்ள வழக்கம். அதன்கீழ்ப் பெயர் எழுதுமுன் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும்.

எந்தக் காப்புறுதியும் அச்சிறுமியைத் திருப்பித் தராது. மண்மேட்டையும் தடுப்பு வேலியையும் பார்வையாளர்க்கும் பாதைக்கும் இடையே விடும் தூரத்தையும் எந்தப் பத்திரமும் ஈடுசெய்யாது. வெள்ளம் வருமுன் அணை. அணையும் உடைந்தாற் காப்புறுதி. இவ்வரிசை மாறலாகாது.

செய்தது என்ன?

அன்றைக்கே ஒரு கடிதம் எழுதினோம். கார் எதற்கு வாங்கப்பட்டது, என்னென்ன மாற்றப்பட்டன, எங்கே நிறுத்தப்படுகிறது, எந்த ட்ரெயிலரில் எந்த வண்டியால் இழுக்கப்படும், ஓட்டுபவர் யார் என்பன எல்லாவற்றையும் மறையாது எழுதி, கொட்டகை, வழிப்பயணம், களம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே எழுத்தில் விடை கேட்டோம். சில வாரங்களிற் பதில் வந்தது. முன்னைய இரண்டுக்கும் கூடுதல் கட்டுப்பணத்தோடு சம்மதம், களத்திற்குச் சம்மதமில்லை. கசப்பான பதில்தான்; ஆனால் தெளிவான பதில். வாய்ச்சொல்லாக ‘எல்லாம் பாக்கலாம் தம்பி’ என்று சொல்லியிருந்தால் அதன் கசப்பு விபத்து நடந்த மறுநாளே தெரிந்திருக்கும்.

கம்பனியோடு பிணக்கு ஏற்பட்டால் முறையிட வழியும் உண்டு. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் காப்புறுதித் தொழிலை மேற்பார்வை செய்யும் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. காப்புறுதிக் குறைகேள் அதிகாரியும் இருக்கிறார். ஆனால் அங்கே செல்பவர் கையில் எழுத்து இருக்க வேண்டும்.

நம் மாணவர் என்ன செய்தார்? முதலில் ட்ரெயிலருக்குப் புதுக் கொளுவியும் சங்கிலியும் பூட்டினார். தம் பங்கில் ஒரு பாதியை நண்பர்க்கு விற்றுத் தாயாரின் நகைகளை மீட்டார். “சேர், களத்திலை போறது போனாலும் தாங்கக்கூடிய அளவுதான் இப்ப என்ரை பங்கு” என்றார். பந்தயத்தை விட்டுவிடும்படி நாம் சொல்லவில்லை. இளமைக்கு வேகம் இயல்பு. அதை வெறுத்துப் பேசும் ஆசிரியனின் சொல் மாணவனின் காதில் ஏறாது. எதைத் தாங்க முடியும், எதைத் தாங்க முடியாது என்று பிரித்தறியச் சொன்னோம், அவ்வளவே.

மாணவர்களே! நீங்கள் நாளை துவிச்சக்கரவண்டி விட்டு மோட்டார் சைக்கிளுக்கு மாறுவீர்கள்; வீடு கட்டுவீர்கள்; கடை வைப்பீர்கள்; தோணி வாங்குவீர்கள். ஒவ்வொன்றோடும் ஒரு பத்திரம் வரும். முதற் பக்கத்தில் தொகை இருக்கும். அதைப் பார்த்து மகிழ்ந்தபின் மற்றப் பக்கங்களையும் புரட்டுங்கள். ‘எனக்கு என்ன கிடைக்கும்?’ என்பது இளைஞர் கேட்கும் கேள்வி. ‘என்னால் மற்றவர்க்கு என்ன ஆகும்?’ என்பது அந்தத் தாய் கேட்ட கேள்வி. எழுத்தறிவு குறைந்த அவரே அன்று நம் திண்ணையில் பத்திரத்தை முழுதாக வாசித்தவர்.